வசூலாகாத வருமானம்

ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைப் பொதுமேடையில் பேச எடுத்துக்கொண்ட காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2019-20 நிதியாண்டில் வோடஃபோன் ஐடியா காட்டிய நிகர நஷ்டம் 73,878 கோடி ரூபாய். அதுவரை இந்தியாவில் எந்த நிறுவனமும் ஓராண்டில் அவ்வளவு இழந்ததில்லை. அந்த ஆண்டில் அது ஈட்டிய வருவாயோ 44,958 கோடி. நூறு ரூபாய் வருவாய்க்கு நூற்று அறுபத்து நான்கு ரூபாய் நஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த நாள் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தது, பங்குச்சந்தை வட்டாரத்தில் சில நாள் பேசினார்கள், பிறகு கொரோனா செய்திகளுக்குள் அமுங்கிப்போனது. ஒரு பெருநிறுவனம் பணத்தைத் தொலைத்தால் அது அதன் முதலாளிகளின் கவலை என்று நாம் விட்டுவிடுகிறோம். அது சரியல்ல என்பதுதான் என் வாதம். இந்தக் கணக்கேட்டில் பெரும் கடன் கொடுத்தவர் அரசாங்கம், இன்று அதன் பெரிய பங்குதாரரும் அரசாங்கம். கால் நூற்றாண்டாக அலைக்கற்றையைக் கஜானாவுக்குப் பணம் தரும் சரக்காகவே அரசு நடத்திவந்ததன் விளைவு இந்த ஏட்டில் வரிவரியாகப் பதிவாகியிருக்கிறது. அதன் விலையைக் கடைசியில் கட்டுகிறவர் மாதம் ஒருமுறை ரீசார்ஜ் செய்யும் ஏழை வாடிக்கையாளர்.

இந்த நஷ்டத்தின் வேர் 1990களில் இருக்கிறது. 1994ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பிறகு தனியார் நிறுவனங்களுக்குச் செல்பேசி உரிமம் கொடுத்தபோது, அவை ஆண்டுதோறும் இவ்வளவு கட்டவேண்டும் என்று நிலையான தொகை விதிக்கப்பட்டது. கைப்பேசி ஒரு கையளவு மக்களிடம் மட்டுமே இருந்த காலத்தில் நிறுவனங்கள் அளவுக்கு மீறி ஏலம் கேட்டன, கட்ட முடியாமல் தவணை தவறின. 1999இல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்து, நிலையான தொகையை நீக்கி, வருவாயில் பங்கு என்ற முறைக்கு மாற்றியது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை: முந்தையது குத்தகை, பிந்தையது வாரம். குத்தகையில் மழை பொய்த்தாலும் அளந்தாக வேண்டும், வாரத்தில் விளைந்ததில் பங்கு. வாரத்தில் வரும் வழக்கும் நமக்குத் தெரிந்ததுதான். பங்கு நெல்லில் மட்டுமா, வைக்கோலிலுமா, வரப்பில் வைத்த உளுந்திலுமா என்று பேசிவைக்காவிட்டால் களத்தில் சண்டை வரும். ஏ.ஜி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் ‘திருத்திய மொத்த வருவாய்’ வழக்கு இதே சண்டைதான். அழைப்பிலும் டேட்டாவிலும் வந்த பணத்துக்கு மட்டும் பங்கு தருவோம் என்றன நிறுவனங்கள். வாடகை, வங்கி வட்டி, பங்காதாயம், பழைய சாமான் விற்ற பணம் எல்லாம் சேரும் என்றது தொலைத்தொடர்புத் துறை. 2015இல் தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயம் பெரும்பாலும் நிறுவனங்களின் வாதத்தை ஏற்றது. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் துறையின் பக்கம் முழுமையாகத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பின் சுமை எப்படிச் சேர்ந்தது என்பதை நிதானமாகப் பார்க்கவேண்டும். உரிமக் கட்டணமாக எல்லா நிறுவனங்களும் சேர்ந்து கட்டவேண்டியதாகத் துறை அப்போது நீதிமன்றத்தில் சொன்ன தொகை ஏறத்தாழ 92,640 கோடி. அதில் அசல் 23,189 கோடி. வட்டி 41,650 கோடி. அபராதம் 10,923 கோடி. அபராதத்தின்மேல் வட்டி 16,878 கோடி. அசல் கால் பங்கு, அதன்மேல் ஏறியது முக்கால் பங்கு. அலைக்கற்றைப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் சேர்த்தபோது வோடஃபோன் ஐடியாவின் பங்கு மட்டும் 58,254 கோடி என்று துறை கணக்கிட்டது. ஏர்டெலுக்கு 43,980 கோடி. 2019 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக் கணக்கு தீர்ப்புக்குப் பிறகு வெளியானபோது வோடஃபோன் ஐடியா காட்டிய நஷ்டம் 50,000 கோடியைத் தாண்டியது. அந்தக் கணக்கில் இன்னொரு செய்தி இருந்தது, அதிகம் பேசப்படாதது. வருங்காலத்தில் லாபம் வரும்போது வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று சொத்துப் பக்கத்தில் வைத்திருந்த பெருந்தொகையை நிறுவனம் நீக்கிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் லாபம் வருமென்று நாங்களே நம்பவில்லை என்பதைக் கணக்கியல் மொழியில் சொல்லும் முறை அது. தொடர்ந்து இயங்குமா என்பதே ஐயம் என்று தணிக்கையாளரும் அந்த ஆண்டு அறிக்கையில் குறித்தார்.

தீர்ப்பு மட்டும் இதைச் செய்துவிடவில்லை. அது விழுந்தபோது சந்தை ஏற்கெனவே நொந்துபோயிருந்தது. 2016 செப்டம்பர் 5ஆம் தேதி ரிலையன்ஸ் ஜியோ சேவையைத் தொடங்கி, அடுத்த மார்ச் இறுதி வரை பேச்சும் டேட்டாவும் இலவசம் என்று கொடுத்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி 2014இல் ஒரு ஜி.பி. டேட்டாவுக்குச் சராசரியாக 269 ரூபாய் ஆனது. 2018இல் அது 12 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. 2017 அக்டோபரில், ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் எண்ணை அழைத்தால் நிமிடத்துக்குக் கொடுக்கவேண்டிய இணைப்புக் கட்டணத்தை டிராய் 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகக் குறைத்தது. பழைய நிறுவனங்களுக்கு அந்தக் கட்டணம் வருவாய், புதியதற்குச் செலவு. ஒன்றன்பின் ஒன்றாகக் கடைகள் மூடின. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் (ஆர்காம்) திவாலானது, டெலினாரும் டாட்டாவின் செல்பேசிப் பிரிவும் ஏர்டெலுக்குள் போயின. நம்மூருக்கு இதில் நேரடிச் சொந்தம் உண்டு. 1999இல் தமிழ்நாட்டில் சேவை தொடங்கி, இங்கேயே வேரூன்றி, இங்கிருந்து நாடு முழுதும் பரவிய ஏர்செல், 2018 பிப்ரவரியில் திவால் நடவடிக்கைக்கு மனுச்செய்தது. அதற்குச் சில நாள் முன்பே தமிழ்நாட்டில் சிக்னல் போய், வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டி மக்கள் கடைகடையாக அலைந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று வோடஃபோன் இந்தியாவும் ஐடியாவும் ஒன்றாயின. சேர்ந்த அன்று அவற்றிடம் 40 கோடிக்கும் மேலான வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். நாட்டிலேயே பெரிய செல்பேசி நிறுவனம் அதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். டேட்டா விலை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது நாட்டுக்கு நன்மையில்லையா? கிராமத்துப் பிள்ளை பாடம் பார்த்தது, தெருவோரக் கடைக்காரர் யு.பி.ஐ.யில் பணம் வாங்கியது, ஊரடங்கில் பள்ளிகள் நடந்தது எல்லாம் அதனால்தானே? முழுக்க உண்மை. அந்த நன்மையை நான் ஒரு இம்மியும் குறைத்துச் சொல்லமாட்டேன். என் கேள்வி வேறு. அந்த விலை ஒரு சேவையின் அடக்கவிலை குறைந்ததால் வந்ததா, அல்லது யாரோ இழப்பைத் தாங்கியதால் வந்ததா? இரண்டும் கலந்தது என்பதுதான் கணக்கேடு காட்டும் விடை. 4ஜி தொழில்நுட்பம் ஒரு ஜி.பி.யின் அடக்கவிலையை மெய்யாகவே குறைத்தது. அந்தப் பகுதி நிலைக்கும். ஆனால் 2016க்கும் 2019க்கும் இடையில் கொடுக்கப்பட்ட விலை அதற்கும் கீழே இருந்தது. ஜியோவுக்குப் பின்னால் எண்ணெய் சுத்திகரிப்பில் ஈட்டிய பணம் இருந்தது. மற்றவர்கள் கடன் வாங்கி ஈடுகொடுத்தார்கள். அந்தக் கடன் ஒருநாள் திரும்பக் கேட்கப்படும் என்பது அன்றே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். 2019 டிசம்பரில் மூன்று நிறுவனங்களும் ஒரே வாரத்துக்குள் கட்டணத்தை உயர்த்தியபோது அது தொடங்கிவிட்டது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதே சந்தை, அதே தீர்ப்பு, அதே ஏலம் ஏர்டெலுக்கும்தானே? 2019இல் இரண்டு நிறுவனங்களும் தம் பங்குதாரர்களிடம் தலா 25,000 கோடி அளவுக்குத் திரட்டின. 2019-20இல் ஏர்டெலும் 32,183 கோடி நஷ்டம் காட்டியது. 2024-25இல் அது 33,556 கோடி லாபம் காட்டியது. வோடஃபோன் ஐடியாவோ அதே ஆண்டு 27,383 கோடி நஷ்டத்தில் நின்றது. அப்படியானால் குற்றம் நிர்வாகத்துடையது, அரசை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். நிர்வாகத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. இரண்டு பெரிய வலைப்பின்னல்களை ஒன்றாக்குவதிலேயே முதல் ஆண்டுகள் கழிந்தன. 4ஜி டவர்களில் பின்தங்கினார்கள். மற்ற இருவரும் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்க, இவர்கள் மும்பையில் தொடங்கியதே 2025 மார்ச்சில். ஏர்டெலுக்கு ஆப்பிரிக்கத் தொழில் இருந்தது, அதை லண்டன் பங்குச்சந்தையில் பட்டியலிட்டுப் பணம் திரட்ட முடிந்தது. அதன் 2024-25 லாபத்தில்கூட, டவர் நிறுவனமான இண்டஸைத் தன் கணக்கோடு சேர்த்ததால் ஒருமுறை மட்டும் வந்த ஆதாயம் கலந்திருக்கிறது. நிகர லாபம் என்ற கடைசி வரியை மட்டும் படித்தால் நஷ்டத்தைப் போலவே லாபமும் நம்மை ஏமாற்றும்.

ஆகவே நிர்வாகத்தின் பங்கு எவ்வளவு, மற்றதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இந்தத் தொழிலில் எல்லோரும் உற்றுப்பார்க்கும் எண் ஆர்பு, அதாவது ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் சராசரியாக வரும் வருவாய். 2025 மார்ச்சில் முடிந்த காலாண்டில் ஏர்டெலின் ஆர்பு 245 ரூபாய், ஜியோவுடையது 206, வோடஃபோன் ஐடியாவுடையது 175. நிர்வாகத் திறமையின் குறைவு முழுவதும் ஏர்டெலுக்கும் இதற்கும் இடையிலுள்ள அந்த 70 ரூபாயில் அடங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அன்று மீதமிருந்த வாடிக்கையாளர்கள் 19.8 கோடிப் பேர். ஆளுக்கு மாதம் 70 ரூபாய், பன்னிரண்டு மாதம் என்று பெருக்கினால் ஆண்டுக்கு 16,600 கோடி வரும். அதன்மேல் கட்டவேண்டிய உரிமக் கட்டணத்தையும் கூடுதல் செலவையும் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவோம். அப்போதும் 27,383 கோடி நஷ்டத்தில் பத்தாயிரம் கோடிக்கு மேல் மிச்சம் நிற்கிறது. நாட்டிலேயே சிறந்த நிர்வாகத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்தாலும் இந்த ஏடு நேராகாது. வாடிக்கையாளர் பாதிக்கு மேல் போய்விட்டார்களே, அவர்களையும் தக்கவைத்திருந்தால் என்று கேட்பீர்கள். தக்கவைக்க டவர் வேண்டும், டவருக்கு முதல் வேண்டும். முதல் எங்கே போனது என்பதைத்தான் அடுத்துப் பார்க்கவேண்டும்.

2023-24ஆம் ஆண்டின் லாபநஷ்டக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் துலங்கும். வருவாய் 42,652 கோடி. அன்றாடச் செலவுகள் போக நின்றது 17,000 கோடிக்குச் சற்று மேல். வட்டியும் பிற நிதிச் செலவும் 25,700 கோடி அளவு. தேய்மானம் 22,600 கோடி அளவு, அதில் ஏலத்தில் எடுத்த அலைக்கற்றையின் விலையை ஆண்டுதோறும் கழிப்பதும் சேர்ந்தது. நிகர நஷ்டம் 31,238 கோடி. அந்த 17,000 கோடியும் முழுவதும் கையில் வந்த பணமன்று. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கணக்கியல் விதிப்படி டவர் வாடகை இப்போது அன்றாடச் செலவில் வராது. தேய்மானமாகவும் வட்டியாகவும் கீழே இறங்கிவிடும். அதைத் திரும்பக் கூட்டிக் கழித்தால் நிற்பது ஏறத்தாழ பாதிதான். 2024-25இல் அந்தக் கணக்கில் நின்றது சுமார் 9,200 கோடி. 2025 மார்ச் இறுதியில் நிறுவனத்தின் வங்கிக் கடன் எவ்வளவு தெரியுமா? 2,300 கோடி அளவுதான். அரசுக்குத் தரவேண்டியதோ, அலைக்கற்றைத் தவணைகளும் சேர்த்து, 1.95 லட்சம் கோடிக்கு அருகில். இந்த விகிதத்தை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தொழிலில் கிடைக்கும் பணம் முழுவதையும், புதிய டவர் ஒன்றுகூட நடாமல், ஒரு ரூபாய் வட்டியும் ஏறாமல் அரசிடமே கொடுத்தாலும் கடன் அடைய இருபத்தோரு ஆண்டாகும்.

இவ்வளவு பெரிய கடனை அரசு என்ன செய்தது? 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பத்தாண்டுத் தவணை கொடுத்தது. 2021 செப்டம்பர் 15 அன்று மத்திய அமைச்சரவை நான்காண்டு அவகாசம் கொடுத்தது. தொலைத்தொடர்பு அல்லாத வருவாயை இனிமேல் கணக்கில் சேர்ப்பதில்லை என்றும் அறிவித்தது. எதற்காகப் பதினாறு ஆண்டு வழக்காடி வென்றார்களோ அந்த வரையறையை வென்ற இரண்டாம் ஆண்டிலேயே தாங்களே மாற்றிக்கொண்டார்கள், ஆனால் பழைய பாக்கிக்கு அது பொருந்தாது. அவகாசக் காலத்துக்கு ஏறிய வட்டி 16,133 கோடியை 2023 பிப்ரவரியில் பங்காக மாற்றிக்கொண்டு அரசு மூன்றில் ஒரு பங்கு உடைமையாளரானது. 2025 ஏப்ரலில் இன்னும் 36,950 கோடி பாக்கி பங்காக மாறி, அரசின் பங்கு 48.99 சதவீதமானது. இரண்டு முறையும் ஒரு பங்குக்குப் போட்ட விலை 10 ரூபாய். முகமதிப்புக்குக் குறைவாகப் பங்கு கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதால் அந்த விலை. இரண்டாம் முறை மாற்றத்தை அறிவித்தபோது சந்தையில் அந்தப் பங்கு 7 ரூபாய்க்கும் கீழே விற்றது. கஜானாவுக்கு ரொக்கமாக வரவேண்டியதாக ஏட்டில் இருந்த பணம், அறிவித்த அன்றே மூன்றில் ஒரு பங்கு மதிப்பை இழந்த காகிதமாக நம் எல்லோர் பெயரிலும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பணத்தைக் கட்டாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள், பொதுப்பணத்துக்காக அரசு நின்றதில் என்ன தவறு என்பது மூன்றாவது மறுப்பு. இதை மதிக்கிறேன். அசலைக் கேட்டதில் தவறே இல்லை. வழக்கு தோற்றால் கட்டவேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே ஒதுக்கீடு செய்யாமல் இருந்தது நிறுவனங்களின் பொறுப்பின்மைதான், இடையில் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் சாய்ந்தது என்பது அரைச் சமாதானம். ஆனால் பொதுப்பணம் என்ற வாதத்தை முன்வைப்பவர்கள் அதை முடிவு வரை கொண்டுபோக வேண்டும். அபராதத்தின்மேல் வட்டி போட்டு எழுதிய தொகை வந்ததா? வரவில்லை. தவணையாயிற்று, அவகாசமாயிற்று, பங்காயிற்று. கட்டவே முடியாத அளவுக்குத் தொகையை ஏற்றியதால் கட்டக்கூடிய தொகையும் வராமல்போனது. 1990களின் குத்தகைத் தொகைக்கு நேர்ந்தது இதுதான். அன்றும் கட்ட முடியாமல் 1999இல் சலுகை கொடுக்க வேண்டியிருந்தது. ஒருமுறை நடந்தால் தவறு என்று சொல்லலாம். இருபது ஆண்டு இடைவெளியில் அதே வரிசையில், அதே முடிவோடு மறுபடி நடந்தால் அது வழிமுறையாகவே ஆகிவிட்டது என்றுதான் கொள்ளவேண்டும்.

அந்த வழிமுறைக்கு 2010இன் அச்சம் உரமிட்டது. 2ஜி விவகாரத்தில் அரசுக்கு 1.76 லட்சம் கோடி வரை இழப்பு என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் மதிப்பிட்டார். தமிழ்நாட்டில் அந்த எண்ணைக் கேள்விப்படாதவர் யாரும் இருந்திருக்க முடியாது. ஏலம் விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய, ஆனால் வராத பணம் அது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்துசெய்தது, 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. வழக்கின் சரிதவறுக்குள் நான் போகவில்லை. அதற்குப் பிறகு அலைக்கற்றையின் அடிப்படை விலையைக் குறைத்து எழுத அதிகாரிகள் தயங்கினார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். குறைத்தால் ஊழல் என்பார்கள், உயர்த்தினால் யாரும் கேட்கமாட்டார்கள். 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 2016இலும் 2021இலும் ஏலத்துக்கு வந்து, விலை அதிகம் என்று ஒரு துளியும் விற்காமல் கிடந்தது. விற்காத அலைக்கற்றை எந்த ஊருக்கும் சிக்னல் தராது, அந்த ஆண்டுகள் திரும்பியும் வரா. 2015 ஏலத்தில் 1.1 லட்சம் கோடி, 2022இல் 1.5 லட்சம் கோடி என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அந்தத் தொகையின் பெரும்பகுதி இருபது ஆண்டு வரை நீளும் தவணை என்பது உள்பக்கத்துச் செய்தி. வராத வருமானத்தை இழப்பு என்று எண்ணக் கற்றுக்கொண்ட நாம், வந்ததாக எழுதி வசூலாகாத வருமானத்தை எண்ணக் கற்றுக்கொள்ளவில்லை. வோடஃபோன் ஐடியா ஒன்றிடம் மட்டும் 2025 மார்ச்சில் நின்ற பாக்கி அந்த 1.76 லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. அதற்காக நாடாளுமன்றம் ஒருநாள்கூட முடங்கியதாக நினைவில்லை.

ஏலமே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டால், இல்லை. வேண்டியவருக்கு வேண்டிய விலையில் கொடுக்கும் பழைய முறைக்கு ஏலம் எவ்வளவோ மேல். அடிப்படை விலையை யார் எதை வைத்து நிர்ணயிக்கிறார்கள், ஏலத்தில் வாங்கிய பிறகும் வருவாயில் எட்டு சதவீதம் ஏன் பிடிக்கவேண்டும் என்பவைதான் என் கேள்விகள். அலைக்கற்றையும் உரிமமும் ஒன்றாகக் கிடைத்த காலத்தில் வருவாயில் பங்கு கேட்டதற்கு நியாயம் இருந்தது. இன்று அலைக்கற்றைக்குத் தனி விலை. எட்டில் ஐந்து சதவீதம் பின்தங்கிய ஊர்களுக்குச் சேவை கொண்டுபோகும் நிதிக்கு என்று வாங்குகிறார்கள். அந்த நிதியிலும் செலவழிக்காமல் கிடக்கும் தொகை பெரிது.

வாடிக்கையாளரிடம் வருகிறேன். உலகிலேயே மலிவான டேட்டா கிடைக்கும் நாடுகளில் இந்தியா இன்றும் ஒன்று, ஏன் புலம்பவேண்டும் என்பார்கள். ஒரு ஜி.பி. விலையை வைத்துப் பார்த்தால் அது சரி. ஆனால் ஒரு ஜி.பி. விலை நாள்தோறும் இரண்டு ஜி.பி. பார்ப்பவருக்கான அளவுகோல். மகன் கூப்பிட்டால் எடுப்பதற்காக மட்டும் பழைய பட்டன் போன் வைத்திருக்கும் மூதாட்டிக்கு அளவுகோல் வேறு: எண் உயிரோடிருக்க மாதம் குறைந்தது எவ்வளவு கட்டவேண்டும் என்பதுதான். 2018 இறுதியில் ஏர்டெலும் வோடஃபோன் ஐடியாவும் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்று கொண்டுவந்தபோது அது 28 நாளைக்கு 35 ரூபாய். அதற்குமுன் பணம் போடாமலே அழைப்பை வாங்கிக்கொண்டிருக்க முடிந்தது. 2021இல் ஏர்டெலில் அது 79 ஆகி, அந்த ஆண்டு முடிவதற்குள் 99 ஆனது. 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு ஏர்டெலில் 28 நாளுக்கான தொடக்கத் திட்டம் 199 ரூபாய் ஆனது, ஜியோவில் 189. ஆறாண்டுக்குள் ஐந்தரை மடங்கு. மேல்தட்டுத் திட்டங்கள் இந்த வேகத்தில் ஏறவில்லை. ஆர்புவை உயர்த்துவது என்று நிறுவன அறிக்கைகள் பெருமையோடு சொல்வதில் ஒரு பெரிய பகுதி, அடித்தட்டு வாடிக்கையாளரை மேலே தள்ளுவதோ வெளியே தள்ளுவதோதான். குறைந்த தொகை கட்டுகிறவர் கணக்கிலிருந்து நீங்கினாலும் சராசரி உயர்ந்துவிடும், அதையும் கவனிக்கவேண்டும். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டம் கொடுத்தாக வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவர நேர்ந்ததே நிலைமை எங்கே வந்துவிட்டது என்பதற்குச் சான்று.

இந்த உயர்வைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டியது போட்டி. பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மோதிய சந்தையில் இன்று தனியார் மூவர், அரசின் பி.எஸ்.என்.எல். ஒன்று. அதிலும் ஜியோவும் ஏர்டெலும் சேர்ந்து வாடிக்கையாளர்களில் நாலில் மூன்று பங்கை நெருங்கிவிட்டன. 2024 ஜூலையில் ஒரே வாரத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை உயர்த்தியபோது, சில மாதங்களுக்கு மக்கள் பி.எஸ்.என்.எல். பக்கம் திரும்பினார்கள். மாற்று கிடைத்தால் மக்கள் போவார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம். 4ஜி இல்லாமல் அவர்களைத் தக்கவைக்க அதனால் முடியவில்லை. 2019, 2022, 2023 என மூன்று தவணைகளில் மூன்று லட்சம் கோடிக்கும் மேலான சீரமைப்புத் திட்டங்களை அரசு அதற்கு அறிவித்தது. 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். மற்றவர்கள் 5ஜிக்குப் போன பிறகும் அது 4ஜி டவர்களை நட்டுக்கொண்டிருந்தது. ஒரு கையால் அரசு தன் நிறுவனத்தைத் தாங்குகிறது, மறுகையால் மூன்றாவது தனியார் நிறுவனத்தின் பாதியை வைத்திருக்கிறது. ஏலம் விடுகிறவரும் அரசு, கட்டணம் வசூலிக்கிறவரும் அரசு, போட்டியாளரும் அரசு, பங்குதாரரும் அரசு. இவற்றுள் எந்த இடத்தில் நின்று அது முடிவெடுக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 48.99 சதவீதத்தில் நிறுத்தியதற்குக் காரணம் ஐம்பத்தொரு சதவீதத்தை எட்டினால் அது அரசு நிறுவனமாகிவிடும் என்பது. உடைமை நம்மிடம் வந்துவிட்டது, பொறுப்பு வரவில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. முதலாவதாக, தொலைத்தொடர்பில் அரசுக்கு வரவேண்டியது எவ்வளவு, அதில் ரொக்கமாக வந்தது எவ்வளவு, ஒத்திவைத்தது எவ்வளவு, பங்காக மாற்றியது எவ்வளவு, அந்தப் பங்கின் இன்றைய சந்தை மதிப்பு எவ்வளவு என்று ஆண்டுதோறும் ஒரே பக்கத்தில் நாடாளுமன்றத்தில் வைக்கவேண்டும். பட்ஜெட்டில் ‘தகவல் தொடர்பு வருவாய்’ என்று ஒரே வரியில் போட்டுவிட்டுப் போவது போதாது. இரண்டாவதாக, அலைக்கற்றைக்குத் தனியே விலை வாங்கிவிட்ட பிறகு உரிமக் கட்டணத்தை நிர்வாகச் செலவுக்கு வேண்டிய அளவுக்கு இறக்கவேண்டும். அதனால் லாபம் ஜியோவுக்கும் ஏர்டெலுக்கும்தான் அதிகம் போகும் என்ற எச்சரிக்கை நியாயமானது. ஆகவே அந்தக் குறைப்பைக் குறைந்தபட்ச ரீசார்ஜோடு கட்டவேண்டும்: எண்ணை உயிரோடு வைத்திருக்க ஒரு மலிவான திட்டத்தைக் கொடுக்கும் நிறுவனத்துக்கே அந்தச் சலுகை. மூன்றாவதாக, அபராதத்தையும் அபராதத்தின்மேல் வட்டியையும் அசலிலிருந்து பிரித்து, பாக்கியுள்ள எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே விதியில் தீர்க்கவேண்டும். ஒருவருக்கு மட்டும் பங்கு மாற்றம் என்றால் தவணை தவறாமல் கட்டியவர் ஏமாந்தவராகிவிடுவார்.

2021இல் கொடுத்த நான்காண்டு அவகாசம் 2025இல் முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் கட்டவேண்டியிருந்த தவணை, நிறுவனத்தின் கைக்கு வந்த பணத்தைவிட மிக அதிகம். அவ்வளவும் ரொக்கமாக வராது என்பது இருதரப்புக்கும் தெரிந்திருந்தது. மறுபடி ஒத்திவைப்பா, மறுபடி பங்கா, பாதியைத் தாண்டி அரசே எடுத்துக்கொள்வதா, திவால் நீதிமன்றமா என்ற முடிவுகள் அமைச்சரவைக் குறிப்புகளில்தான் எழுதப்படுகின்றன. அப்படி ஒன்று எழுதப்படுவதற்கு முன்னால், எந்த வழியில் போனால் கஜானாவுக்கு மெய்யாக எவ்வளவு வரும், சந்தையில் எத்தனை நிறுவனங்கள் மிஞ்சும், 28 நாளுக்கான ரீசார்ஜ் எங்கே போய் நிற்கும் என்ற மூன்று கணக்குகளையும் அரசு அருகருகே வைத்து வெளியிடவேண்டும். வோடஃபோன் ஐடியாவின் அடுத்த ஆண்டு அறிக்கை வரும் நாளில் நிகர நஷ்டம் என்ற வரியைத் தாண்டி ‘அரசுக்குத் தரவேண்டியது’ என்ற வரிக்கு வாருங்கள். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது.